நாலடித் தண்ணீரில் ஒரு வைத்தியம்!

கல்யாண ரிசப்ஷனில் மேடையேறி மொய்க் கவர் கொடுக்க ஒரு க்யூ நிற்குமே, பார்த்திருப்பீர்கள். திருப்பதி தர்ம தரிசனத்துக்கு அடுத்தபடியாகப் பொறுமையைச் சோதிப்பது அதுதான். போட்டோகிராபர் ஒவ்வொரு குடும்பத்தையும், "சார், கொஞ்சம் உள்ள தள்ளுங்க... பாப்பா, இங்க பாரு!" என்று ஐந்து நிமிஷம் நிறுத்தி வைப்பார். கீழே நிற்கிற நமக்கோ கண் மேடையில், மூக்கு பந்தியில்!

2023 ஆவணியில் அப்படியொரு க்யூவில் நானும் என் தங்கையும் நின்றுகொண்டிருந்தோம். முன்னால் பதினைந்து குடும்பம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பட்டுப் புடவையோடு, அத்தனை பேர் நடுவில், தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு... எல்லாரும் பார்க்கறாங்க."

"முடியலண்ணா. படபடங்குது. கண்ணை இருட்டுது."

"வீட்ல நல்லாத்தானே இருந்தே? சீன் போடாதே!"

அவள் பதில் சொல்லவில்லை. நானே கவரைக் கொடுத்துவிட்டு, போட்டோவுக்கும் சிரித்துவிட்டு வந்தேன். அந்த 'சீன் போடாதே' என்ற வார்த்தையை நான் எங்கே, எப்படித் திரும்ப வாங்கிக்கொண்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். வாங்கிக்கொண்ட இடம் ஒரு நீச்சல் குளம்!

படுத்தால் சரியாகிற வியாதி

அந்த வருஷ ஆரம்பத்தில் அவளுக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டது. போகும்போது எதையோ கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன்னால், தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி ஆபீஸ் போய் வந்த 24 வயதுப் பெண். அதற்குப் பிறகு, உட்கார இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி பெஞ்சில் சாய்ந்துவிடுவாள். பாத்ரூமில் குளிக்க ஒரு ஸ்டூல் போட்டாள். குக்கர் மூணு விசில் அடிப்பதற்குள் சமையலறையை விட்டு வெளியே வந்து படுத்துவிடுவாள்.

படுத்தால் சரியாகிவிடும். அதுதான் வம்பே! படுத்தால் சரியாகிற ஒன்றை எந்த வீட்டில் வியாதி என்று ஒப்புக்கொள்வார்கள்? அதற்குத்தான் 'சோம்பேறித்தனம்' என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறதே!

மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். ஈ.சி.ஜி. நார்மல். எக்கோ நார்மல். ரத்தம் நார்மல். ஒருவர் "டென்ஷன்" என்றார். ஒருவர் சத்து மாத்திரை எழுதினார். மூன்றாமவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "கல்யாணம் பண்ணி வையுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். அம்மா அன்றைக்கே ஜாதகத்தைத் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டாள். கல்யாணத்தில் மணப்பெண்தான் எல்லாரையும்விட அதிக நேரம் நிற்க வேண்டியவள் என்பது யாருக்கும் தோன்றவில்லை!

தங்கை வேலையை விட்டாள். பகலெல்லாம் படுக்கை. நான் ஆபீஸ் போகும்போது பார்த்த அதே பக்கம் திரும்பி, வரும்போதும் படுத்திருப்பாள்.

நாலாவதாகப் பார்த்த டாக்டரம்மா பெரிய மெஷின் எதையும் தொடவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்று, பி.பி. பார்க்கிற கருவி ஒன்று. அவ்வளவுதான். பத்து நிமிஷம் படுக்க வைத்து நாடி பார்த்தார்: 72. எழுந்து நிற்கச் சொன்னார். இரண்டாவது நிமிஷம் 98. ஐந்தாவது நிமிஷம் 112. பத்தாவது நிமிஷம் 124! பி.பி. மட்டும் இறங்கவே இல்லை.

"உட்காரும்மா" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங்க தங்கச்சி நடிக்கலை சார். முகத்தை நடிச்சுக் காட்டலாம். நாடியை நடிச்சுக் காட்ட முடியாது."

நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது!

நிற்பதும் ஒரு வேலைதான்

வியாதியின் பெயர் 'போஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேடிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம்'. சொல்லி முடிப்பதற்குள் நமக்கே படபடக்கும் என்பதால் சுருக்கமாக 'போட்ஸ்'.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. புவியீர்ப்பு யாரையும் விடாது. உடனே கால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, கெண்டைக்கால் தசைகள் பிழிந்து, அதை மேலே அனுப்பும். நாடி ஒரு 10, 20 துடிப்பு ஏறி நின்றுவிடும். நமக்குத் தெரியாமலே தினம் நூறு தடவை நடக்கிற வேலை இது.

போட்ஸ்காரர்களுக்கு இந்த ஏற்பாடு சரியாக நடப்பதில்லை. ரத்தம் கீழேயே தங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைவு. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம்தான் வெளியே போகிறது. இதயம் என்ன செய்யும், பாவம்! சின்னச் சொம்பால் அண்டாவை நிரப்புகிறவன் மாதிரி வேகத்தைக் கூட்டுகிறது.

நின்ற பத்து நிமிஷத்துக்குள் நாடி 30 துடிப்புக்கு மேல் ஏறணும் (12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு 40). பி.பி. அதிகம் இறங்கக் கூடாது. தொல்லை மூன்று மாதமாவது நீடித்திருக்கணும். இதுதான் கணக்கு. பெரும்பாலும் 15 முதல் 50 வயதுக்குள் உள்ள பெண்களுக்குத்தான் வருகிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வருவது சகஜம். 2020-க்குப் பிறகு, கொரோனா வந்து போனவர்கள் பலரிடம் இதைக் கண்டார்கள்.

இன்றைய பெயரை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஷோண்டார்ஃப், லோ என்ற இருவர் 1993-ல்தான் வைத்தார்கள். ஆனால் இதே ஜாடையில் ஒரு தொல்லையை 1871-லேயே ஜேக்கப் டா காஸ்டா என்ற டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட சிப்பாய்கள் பலருக்கு மூச்சிரைப்பு, படபடப்பு, களைப்பு. துப்பாக்கிக் குண்டுக்கு நடுவே நின்ற அந்த ஆம்பிளைகளிடம் போய் 'சீன் போடாதே' என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

படுக்கை என்கிற வில்லன்

"ரெஸ்ட் எடுத்தா சரியாயிடுமா டாக்டர்?" என்றேன்.

"எடுத்ததாலதான் இவ்வளவு மோசமாயிருக்கு" என்று அவர் சொன்ன கதை, ஆபீஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுக்கிற நம்மைப் போன்றவர்களும் கேட்க வேண்டிய கதை.

1966-ல் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், ஆரோக்கியமான 20 வயசுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே போட்டு வைத்தார்கள். எழுந்தபோது அவர்களுடைய உடல் உழைப்புத் திறன் கால்வாசிக்கு மேல் குறைந்துபோயிருந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். ஐம்பது வயதில், தொப்பையோடு வந்த அந்த ஐந்து பேரும் என்ன ஆனார்கள்? அவர்களுடைய திறன், 20 வயதில் மூன்று வாரம் படுத்து எழுந்தபோது இருந்த அளவுக்குக்கூட மோசமாக இல்லை! அதாவது, முப்பது வருஷத்து வயோதிகத்தைவிட மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் கெடுத்திருந்தது.

அதே டல்லஸில் பெஞ்சமின் லெவின், சீ ஃபூ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களும் அவர்கள் குழுவும் 2010-ல் போட்ஸ்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இவர்களுடைய இதயமும் சற்றுச் சின்னது, உடம்பில் ரத்தத்தின் மொத்த அளவும் குறைவு என்று அதில் சொன்னார்கள். இதயம் இரண்டு சைஸ் சின்னதாக இருந்ததாம் என்று ஒரு குழந்தைக் கதையில் 'க்ரின்ச்' என்று ஒரு சிடுமூஞ்சி வருவான். அவன் பெயரையே இந்த வியாதிக்கு வைக்கலாம் என்றுகூடச் சொன்னார்கள். நல்லவேளை, பெயர் ஒட்டவில்லை!

ஒட்டியது அவர்களுடைய வைத்தியம்தான். உடற்பயிற்சி. ஆனால் நிற்கவே முடியாதவர் எப்படி ஓடுவார்? அதனால் முதல் ஒரு மாதம் நிமிர்ந்து செய்கிற பயிற்சியே கிடையாது. சாய்ந்து மிதிக்கிற சைக்கிள், உட்கார்ந்து துடுப்பு வலிக்கிற மெஷின், இல்லையென்றால் நீச்சல். வாரத்துக்கு இரண்டிலிருந்து நாலு தடவை, முக்கால் மணி நேரம் வரை. நடப்பதும் ஓடுவதும் மெதுவாக, இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான்.

"எங்க ஏரியாவுல அந்த மெஷினெல்லாம் கிடையாதே டாக்டர்."

"குளம் இருக்கா?"

"இருக்கு."

"போங்க. ஆனா ஒண்ணு, தனியா இறங்கவே கூடாது. பக்கத்துல ஆள் நிக்கணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது!

இரண்டு புது மாணவர்கள்

நீச்சல் குளத்தில் 'ஃபேமிலி பேட்ச்' சாயங்காலம். அதுவும் நல்லதாகப் போயிற்று. போட்ஸ்காரர்களுக்குக் காலை நேரம்தான் ரொம்பக் கஷ்டம். கோச்சிடம் விஷயத்தைச் சொல்லி, டாக்டர் சீட்டையும் காட்டினோம். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "பாப்பாவை நான் பார்த்துக்கறேன். உங்களை யார் சார் பார்த்துக்கறது?" என்றார்.

ஏணியைப் பிடித்து நாலடித் தண்ணீரில் இறங்கினோம். நான் குளிரில் 'ஊ'வென்று கத்தியதில் இரண்டு குழந்தைகள் சிரித்தன. தங்கை மார்பளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். அவள் முகத்தில் பயம் போய் வேறு என்னவோ வந்தது.

"என்னடி, படபடங்குதா?"

"இல்லண்ணா..." என்றாள். "நிக்கறேன்!"

ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் அவ்வளவு நேரம் சும்மா நின்று நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. குளத்துத் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தம் கூடும். நாலடி ஆழத்தில் பாதத்தைச் சுற்றி ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். முழங்காலில் அதைவிடக் குறைவு, இடுப்பில் இன்னும் குறைவு. ரத்தம் எங்கே அதிகமாகத் தேங்குமோ அங்கே அதிகப் பிடி! இந்த வியாதிக்கென்று டாக்டர்கள் எழுதித் தருகிற இறுக்கமான காலுறைகூடக் கணுக்காலில் 30, 40 மில்லிமீட்டர்தான் கொடுக்கும். கழுத்தளவு தண்ணீரில் நின்றால் ஏறக்குறைய 700 மில்லி ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறிவிடும். தரை எடுத்துக்கொண்டதைத் தண்ணீர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதயம் நிரம்புகிறது. நிரம்பிய இதயம் அவசரப்படுவதில்லை.

இன்னொரு சலுகையும் உண்டு. மார்பளவு தண்ணீரில் நம் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் காலில் இறங்கும். 82 கிலோ உள்ள நான் அங்கே ஏறக்குறைய 25 கிலோ! அந்த எடையில் நான் கடைசியாக இருந்தது மூணாங்கிளாஸில்.

தண்ணீரின் குறும்புகள்

இரண்டாவது வாரம் ஒரு விஷயத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். முக்கால் மணி நேரம் ஆனந்தமாகக் காலை அடித்துவிட்டு, ஏணியில் விறுவிறுவென்று ஏறினாள். மேலே வந்த மறு நிமிஷம் கண் சொருகிச் சாய்ந்தாள். கோச் தாங்கிப் பிடித்துப் படுக்கவைத்து, காலை ஒரு பெஞ்சின் மேல் தூக்கி வைத்தார். வெளியே வந்ததும் தண்ணீரின் பிடி ஒரே நொடியில் விட்டுப் போய்விடுகிறது அல்லவா? தூக்கிவிட்ட ரத்தமெல்லாம் மறுபடி பாதாளத்துக்கு!

அடுத்த நாள் முழுக்கப் படுத்தே இருந்தாள். "விட்டுடலாம்ணா" என்றாள். எனக்கும் பயம்தான். டாக்டரம்மாவிடம் போனேன். அவர் திட்டவில்லை. ஆரம்பத்திலேயே முக்கால் மணி நேரம் கூடாது, பத்து நிமிஷத்தில் தொடங்குங்கள் என்றார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

வெளியேறுவதற்கு முன்னால் ஆழம் குறைந்த பக்கம் வந்து சில நிமிஷம் நிற்கணும். பிறகு படியில், காலைத் தண்ணீரில் விட்டபடி உட்காரணும். கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விடணும். அப்புறம்தான் மெதுவாக எழுந்திருக்கணும்.

தண்ணீரில் இருக்கும்போதே ஒன்றுக்கு வருகிற மாதிரி இருக்கும். நெஞ்சில் ரத்தம் அதிகமானதும், 'உடம்பில் நீர் கூடிப்போச்சு' என்று உடம்பு தப்புக்கணக்குப் போட்டு வெளியேற்றப் பார்க்கிறது. ஏற்கெனவே ரத்த அளவு குறைந்தவர்களுக்கு இது நஷ்டம். முன்னாலும் பின்னாலும் குடிக்கணும். (இதை அறிந்த நாளிலிருந்து குளத்துத் தண்ணீர் வாயில் போகாமல் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறேன்!)

வெந்நீர்க் குளம் வேண்டாம். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து தலை சுற்றும். இதே காரணத்தால் சித்திரை வெயிலில் மொட்டை வெயில் குளமும் வேண்டாம்.

தண்ணீருக்குள் நாடி பெரும்பாலும் நிமிஷத்துக்கு 10, 15 துடிப்பு குறைவாகக் காட்டும். அதை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நான் எந்த வேகத்திலும் பாடக் கூடாது என்பது குளத்தில் இருந்தவர்களின் பொதுவான அபிப்பிராயம்.

வீட்டிலும் ஒரு கூத்து. அப்பாவுக்கு பி.பி., உப்பு கூடாது. தங்கைக்கோ, உப்பும் தண்ணீரும் தாராளமாகச் சேர்க்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. ஒரே வீட்டில் இரண்டு சாம்பார். கரண்டி மாறிப்போன ஒரு நாளில் அப்பா, "இன்னிக்குத்தான்டி சாம்பார் சாம்பாரா இருக்கு!" என்று கண்ணை மூடி ரசித்தார். இதைப் படித்துவிட்டு யாரும் உப்பு ஜாடியைக் கையில் எடுக்க வேண்டாம். ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம்.

நூற்றுக்கு எத்தனை?

முதல் மாதம், சுவரைப் பிடித்துக் குப்புறக் கிடந்து கால் அடிப்பது, பலகையைப் பிடித்துப் போவது, மல்லாக்க மிதப்பது. இரண்டாம் மாதம், மார்பளவுத் தண்ணீரில் நடப்பது. மூன்றாம் மாதம், இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்தாள். ஒவ்வொரு வாரமும் தண்ணீரின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு கரைப்பக்கம் வருவதுதான் சூட்சுமம். குழந்தை சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்திருக்கிற அப்பா, தெரியாமல் கையை எடுப்பாரே, அந்த மாதிரி.

எல்லாருக்கும் பலிக்குமா என்றால், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். டல்லஸ் பயிற்சித் திட்டத்தை 2010-க்குப் பிறகு அவரவர் ஊரில், அவரவர் டாக்டரை வைத்துப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 2016-ல் வெளியான கணக்குப்படி, சேர்ந்தவர்கள் 251 பேர். முடித்தவர்கள் 103 பேர்தான். முடித்தவர்களில் 71 சதவிகிதம் பேருக்கு, போட்ஸ் என்று சொல்கிற அளவுக்கு நாடி அதன் பிறகு ஏறவில்லை. நல்ல சேதிதான். ஆனால் பாதிக்கு மேல் முடிக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முதல் மாதத்தில் நன்றாவதற்கு முன்னால் மோசமாவது மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

சிலருக்கு, கொஞ்சம் உழைத்தாலே அடுத்த நாள், அதற்கடுத்த நாள் எல்லாம் எழுந்திருக்கவே முடியாதபடி அடித்துப்போட்டுவிடும். அவர்களை 'இன்னும் முயற்சி பண்ணு' என்று விரட்டினால் கெடுதல்தான். இதயத்தில் வேறு கோளாறு உள்ளவர்களுக்கு, தண்ணீர் நெஞ்சுக்கு ஏற்றுகிற அந்த அதிகப்படி ரத்தமே பாரமாகிவிடலாம். ஆகவே, குளத்துக்குப் போகும் வழி டாக்டர் வீட்டு வாசல் வழியாகத்தான்.

என் தங்கைக்கு முழுசாகக் குணமாகிவிட்டதா? இல்லை. இப்போதும் சில நாள் மோசமாக விடியும். சில நாள் மாத்திரையும் காலுறையும் வேண்டியிருக்கிறது. ஆனால் கடைசியாகப் பார்த்தபோது, பத்தாவது நிமிஷத்து நாடி 124-லிருந்து 98-க்கு இறங்கியிருந்தது. வேறு ஒரு ஆபீஸில் வேலை. பாத்ரூம் ஸ்டூல் மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. "இருக்கட்டும்ணா, எதுக்கும்" என்கிறாள்.

2025 தை மாதம் மறுபடி ஒரு ரிசப்ஷன். அதே மாதிரி க்யூ, அதே மாதிரி போட்டோகிராபர். நான் மனசுக்குள் நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து... பதினைந்து... இருபது. தங்கை, நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டு, கெண்டைக்காலைப் பிழிந்தபடி, முன்னால் நின்ற மாமியோடு புடவை பார்டர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் காலையிலிருந்து சாப்பிடாததில் கால் கடுத்தது. பக்கத்தில் காலியாக ஒரு நாற்காலி. மெதுவாக அதை நோக்கி நகர்ந்தேன்.

தங்கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். காதருகே குனிந்து சொன்னாள்:

"சீன் போடாதேண்ணா!"